வலப்பக்கக் கொக்கி

"மறுபடியும் நிழல்!" என்று பென்சிலை மேசைமேல் போட்டார் ஜினதாஸ்.

பணி ஓய்வு பெற்றதும், 'நைனா' என்று தாம் அழைத்த, மறைந்த தந்தையின் மரவேலை அறையைத் திறந்திருந்தார் அவர். சன்னல் இல்லாத அறை. நைனா அரிக்கேன் விளக்கு மாட்டிய அதே வலப்பக்கக் கொக்கியில் ஒரு பல்பைத் தொங்கவிட்டார். கோடு இழுக்கும்போதெல்லாம் கையின் நிழல் கோட்டின்மேலேயே விழுந்தது. விளைவு: இரண்டு தேக்குப் பலகைகள் கோணலாக அறுபட்டன. நைனா விட்டுச்சென்றவற்றில் எஞ்சியிருந்தது ஒன்றே.

மறுநாள் மகள் அனந்தி வருகிறாள். சிறுமியாக இருந்தபோது அவள் கேட்ட எழுதுமேசையை இந்த முறையாவது தந்தாக வேண்டும்.

"பீச்சாங்கையால எழுதுறாளேன்னு அன்னிக்கு அவ பென்சிலையே புடுங்கினீங்க. இப்ப மேசையாம்!" என்றாள் மனைவி நீலாஞ்சனா.

"நம்ம வம்சத்துல இல்லாத பழக்கம். திருத்தினேன்."

"சரி, பொழுது சாயறதுக்குள்ள சாப்ட வந்துடுங்க. இருட்டினப்புறம் வௌக்கு எரிஞ்சா பூச்சி வுழும், பாவம்."

நேரம் குறைவாக இருந்தது. எதிர்வீட்டு எலக்ட்ரீசியன் மஜீத் வந்தார். பெரிய பல்பை மாட்டினார். நிழல் இன்னும் கறுத்தது. பின்சுவரில் டியூப்லைட் பொருத்தினார்; ஜினதாசின் தலையும் பலகைமேல் வந்து படுத்தது. மேலே இன்னொன்று வைத்தார்.

"இப்ப இன்னாண்ணே?"

"மூணு கை தெரியுது. எதை நம்பி அறுக்கிறது?"

"கொக்கிய இந்தாண்ட, எடப்பக்கமா மாத்திடலாம். ஒரே ஆணி வேலை."

"நைனா வெச்ச எடம்டா அது! அவர் அறுத்தா நூலளவு பிசகாது."

வேறு வழியின்றி நான்காவது விளக்கைப் பொருத்தினார் மஜீத். பட்டென்று வீடு முழுவதும் கரண்ட் போனது; அறை இருண்டது.

"மிக்சி நின்னுபோச்சு! சட்னி பாதியில கெடக்குது!" என்று சமையலறை முழங்கியது.

"கதவத் தொறங்கண்ணே, வெளிச்சம் வரட்டும்."

ஜினதாஸ் தாழ்ப்பாளில் கைவைத்து நின்றார். வேலை நேரத்தில் கதவு சாத்தியே இருக்க வேண்டும் என்பது நைனாவின் சட்டம். வெளியே நின்று ரம்பத்தின் சத்தத்தைக் கேட்டதும், கதவிடுக்கில் வந்த மரத்தூளின் மணத்தை முகர்ந்ததும்தான் ஜினதாசின் பிள்ளைப் பருவம். ஒருமுறைகூட உள்ளே போனதில்லை.

"சின்ன வயசுல உன்னை மட்டும் உள்ள வுட்டாரே," என்றார். குரல் தழைந்திருந்தது.

"பலகையோட மறுமுனைய புடிக்க ஆள் வேணுமில்ல?"

"அப்பேர்ப்பட்ட கவனம், மஜீத்து. பெத்த புள்ள முகம் தெரிஞ்சாகூடக் கோடு கலைஞ்சிடும்னு கதவ சாத்தினாரு. அந்தக் கொக்கிய எப்டிடா பிடுங்குவேன்?"

மஜீத் சுத்தியலைக் கீழே வைத்தார். கதவைத் தாமே அகலத் திறந்தார். வெளிச்சம் கடைசிப் பலகைமேல் விழுந்தது.

"சாப்டவும் எழுதவும்தாண்ணே அவருக்குச் சோத்தாங்கை, ரம்பம் புடிச்சா பீச்சாங்கை. அது உங்களுக்குத் தெரிஞ்சிடக் கூடாதுன்னுதான் இந்தக் கதவையே சாத்தினாரு."