மூன்றாவது முறை கூப்பிடாதவள்

கூச்சம் உள்ளவர்களுக்கு அடுத்தவர் வீட்டு வாசலைவிடப் பயங்கரமான இடம் உலகத்தில் இல்லை. உள்ளே ஆள் இருந்தால் என்ன பேசுவது என்று பயம். இல்லாவிட்டால் நம்மைத் திருடி என்று யாராவது நினைப்பார்களோ என்று பயம். அப்படிப்பட்ட நான், வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்க்கிற வேலையில் சேர்ந்தேன். (என் கணவர் இரண்டு நாள் சிரித்தார்.)

செனாவாங் தொழிற்சாலையில் ஆட்களைக் குறைத்தபோது எனக்கு வேலை போனது. பள்ளியில் ஐந்தாம் படிவம் வரை மட்டும் படித்தவளுக்கு வேறென்ன கிடைக்கும்? ரந்தாவ் பக்கத்தில், எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டங்களில் படுக்கையில் கிடப்பவர்களுக்குப் புண் கட்டி, உடம்பு துடைத்துவிடும் ஒரு சிறு குழு உதவியாள் தேடியது. சரோஜா மிசிதான் அதில் தாதி; நர்ஸை இங்கே மிசி என்போம். நான் அவர் பின்னால் பை தூக்கிக்கொண்டு போகிறவள். வெள்ளைச் சட்டை, வெள்ளைக் கால்சட்டை. பேச்செல்லாம் மிசி பார்த்துக்கொள்வார். எனக்கு அது ரொம்ப வசதி.

ஒருநாள் காலை பெருங்காற்று அடித்து மரங்கள் விழுந்து, தோட்டத்தில் மின்சாரம் இல்லை. கீழ் லயத்து வீட்டு வரிசையில் ஒரு அம்மாவுக்கு மூச்சுத்திணறல். ஆம்புலன்ஸ் வரும்வரை மிசியால் நகர முடியாது. மேல் லயத்தில் மகளோடு காத்தமுத்து ஐயா இருக்கிறார். சர்க்கரை நோய், குதிகாலில் ஆறாத புண்.

"நீயே போய் கட்டு மாத்திட்டு வா. ரெண்டு தடவ தள்ளிப்போச்சு. இன்னிக்கும் விட்டா சீழ் ஏறிடும், கால எடுக்கச் சொல்லிடுவாங்க," என்றார் மிசி.

"தனியாவா மிசி?"

"பக்கந்தான்லா. நான் செய்யறத பாத்திருக்கல்ல? போ."

செம்பனைக் காட்டு வழியாக ஏறினேன். மதியம்தான், ஆனால் மழை மேகமும் ஓலைகளும் சேர்ந்து வெளிச்சத்தைக் குடித்துவிட்டிருந்தன. கைத்தொலைபேசியில் சிக்னல் கோடு ஒன்றுகூட இல்லை. மேல் லயத்தில் ஐயா வீட்டைத் தவிர எல்லாரும் வீடு காலி செய்து டவுனுக்குப் போய்விட்டார்கள். வரிசையாகக் கதவில்லாத வாசல்கள். ஒரு வீட்டுச் சமையலறைக்குள்ளிருந்து செடி வெளியே எட்டிப் பார்த்தது. ஒரு கொடியில், யாரும் இல்லாத வீட்டின் முன், ஒரு சட்டை தொங்கி ஆடியது. பறவைச் சத்தம்கூட இல்லை. என் செருப்புச் சத்தம் மட்டும் எனக்குச் சற்றுப் பின்னால் வருவதுபோல் இருந்தது. நின்று பார்த்தேன். அதுவும் நின்றது.

கடைசி வீட்டில் மட்டும் கதவு இருந்தது; அதுவும் திறந்திருந்தது. உள்ளே சிறு வெளிச்சம். சாம்பிராணி வாசனை.

"ஐயா," என்றேன். அது எனக்கே சரியாகக் கேட்கவில்லை. கொஞ்சம் கூட்டி, "காத்தமுத்து ஐயா," என்றேன். பதில் இல்லை. மறுபடி கூப்பிடக் கூச்சமாக இருந்தது. எட்டிப் பார்த்தேன்.

கட்டிலில் அவர் மல்லாந்து கிடந்தார். கழுத்துவரை வெள்ளைத் துணி. தாடையைச் சுற்றித் தலைமேல் முடிச்சுப் போட்ட துண்டு. தலைமாட்டில் விளக்கு எரிந்தது. கண் மூடியிருந்தது. மூச்சு தெரியவில்லை.

நம் வீடுகளில் இதைப் பார்த்த பிறகு யாரும் விளக்கம் கேட்க மாட்டார்கள். தாடை கட்டி, விளக்கு ஏற்றிவிட்டு, மகள் செல்வி ஆள் கூப்பிடப் போயிருக்கிறாள் என்று நினைத்தேன். துணிக்கு வெளியே தெரிந்த கால் பெருவிரல்களை மட்டும் யாரும் கட்டவில்லை. பாவம், ஒற்றைப் பெண், மறந்திருப்பாள். உடம்பு விறைப்பதற்குள் அதையாவது செய்வோம் என்று தோன்றியது. (இந்தப் பொறுப்புணர்ச்சி எனக்குத் தொழிற்சாலையில் ஒருநாளும் வந்ததில்லை.)

பையிலிருந்து கட்டுத்துணியை எடுத்தேன். வாயில் வந்த சாமி பெயரையெல்லாம் சொல்லிக்கொண்டே இரண்டு பெருவிரல்களையும் சேர்த்து இறுக்கிக் கட்டினேன். வெளியே மழை பிடித்தது. விளக்குச் சுடர் படுத்து எழுந்தது.

நிமிர்ந்தேன். அவர் கண்கள் திறந்திருந்தன. முதலில் என்னைப் பார்த்தன. பிறகு மெதுவாக இறங்கி, தன் கால் விரல்களைப் பார்த்தன.

கட்டிய தாடைக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது.

"அப்ப நான் செத்துட்டனாம்மா?"

பெரியவர்கள் கேட்டால் பதில் சொல்ல வேண்டும் என்று வளர்ந்தவள் நான். "ஆமாங்க ஐயா," என்றேன்.

துணிக்குள்ளிருந்து ஒரு கை வந்து தாடையைத் தடவியது.

"செத்தும் பல்லு வலிக்குதே."

அதற்குப் பிறகுதான் என் கால்கள் ஓடத் தொடங்கின. வாசலில் மழை முகத்தில் அறைந்தது. எதிரே காலி வீடுகள், கருத்த செம்பனை. உள்ளே பேசுகிற பிணம். எந்தப் பக்கம் போவது என்று நின்றபோதுதான் பல்வலி என்ற சொல் மூளைக்கு எட்டியது. பிணத்துக்குப் பல் வலிக்காது. ஆள் இருக்கிறார் என்றால் காலும் இருக்கிறது. கட்டு மாற்றாமல் போனால் அது இருக்காது.

என் வாழ்க்கையிலேயே முதல்முறையாகக் கத்தினேன். "காத்தமுத்து ஐயா!"

"வாம்மா, உள்ள வா," என்றார் உடனே. "இத முன்னாடியே செஞ்சிருக்கலாம்ல? ரெண்டு தடவதான் கூப்பிட்ட. காலி லயத்துல ரெண்டு தடவ கூப்பிடறது எதுன்னு எங்களுக்குத் தெரியாதா? மூணாவது வரட்டும்னு மூச்சடக்கிக் கெடந்தேன். வெள்ளையா வந்து கால்மாட்டுல நின்னுட்ட. சரி, கொண்டுபோகத்தான் வந்திருக்குன்னு நெனச்சேன்."

பேய் மூன்றாவது முறை கூப்பிடாது என்பது எனக்கும் தெரியும். பேயாக நான்தான் போவேன் என்று தெரியாது. துண்டு, வேலைக்குப் போகுமுன் செல்வி பல்வலிக்குச் சூடு உப்பு வைத்துக் கட்டியது. விளக்கு, மின்சாரம் இல்லாததால் வைத்தது. சாம்பிராணி, புண் வாடைக்கு. சர்க்கரையில் கால் மரத்துப்போயிருந்ததால் நான் கட்டியது அவருக்குத் தெரியவே இல்லை.

புண்ணைக் கழுவி மருந்து வைத்துக் கட்டி முடித்தேன். மழை விட்டதும் மிசி வந்தார். துணியைத் தூக்கிப் பார்த்தார்.

"குதிகால் கட்டு நல்லா இருக்கு. வெரல்ல என்ன இது?"

அவிழ்க்க மறந்திருந்தேன். விரல்கள் இரண்டும் கத்தரிக்காய் நிறத்தில் இருந்தன. மிசி ஒரே வெட்டில் துணியை அறுத்தார்.

"சர்க்கரைக்காரருக்கு ரத்த ஓட்டத்தையா நிறுத்துவ? நாடி பாத்தியா?"

"ஆம்பள கையப் பிடிக்கக் கூச்சமா இருந்துச்சு மிசி."

"உசுரோட இருக்கறவர் வெரலக் கட்ட மட்டும் கூச்சமா இல்ல?"

"திட்டாதீங்க மிசி," என்றார் காத்தமுத்து ஐயா. "நல்ல இறுக்கமாத்தான் கட்டுச்சு."

அந்த விரல்கள் கருத்துவிடுமோ என்று ஒரு வாரம் நான் சோறு இறங்காமல் கிடந்தேன். கருக்கவில்லை. குதிகால் புண்ணும் மெல்ல ஆறியது. இப்போது கோல் ஊன்றி நடக்கிறார்.

இந்தக் கதையை என் கணவரிடம் மட்டும்தான் சொன்னேன். பிள்ளைகளுக்கு எப்படித் தெரிந்ததோ. இப்போதெல்லாம் ஞாயிற்றுக்கிழமை யாராவது எழுந்திருக்காமல் போர்த்திக்கொண்டு கிடந்தால், நான் அறைப்பக்கம் போகும்போதே மூத்தவள் குரல் கொடுப்பாள்.

"அம்மா வராங்க. பெருவிரல அசைச்சுக் காட்டுங்க."

போர்வைக்கு வெளியே ஒவ்வொரு விரலாக அசையும். என் கணவருடையதுதான் முதலில்.