மிளகாயை நிறுத்திய மாப்பிள்ளை

பொறாமைப்பட மனிதனுக்குப் பெரிய காரணம் எதுவும் வேண்டாம். ஒரு சகலை இருந்தால் போதும்.

எனக்கு இருக்கிறார். பெயர் சண்முகவேல், என் மனைவி மீனாவின் அக்கா கணவர், கல்லூரியில் தாவரவியல் பேராசிரியர். நான் நாகல் நகரில் இன்வெர்ட்டர் பேட்டரி கடை வைத்திருக்கிறேன். மாமனார் வீட்டில் கரண்ட் போனால் என் ஞாபகம் வரும். (கரண்ட் வந்ததும் போய்விடும்.)

அந்த வருடம் பொங்கலுக்கு மறுநாள் கறி விருந்து. சகலை குழம்பிலிருந்து ஒரு கத்தரிக்காயை எடுத்துப் பார்த்து, "இது, தக்காளி, மொளகா, உருளக்கிழங்கு, எல்லாமே சொலனேசியஸ்" என்றார்.

"அப்படின்னா என்னங்க மாப்ள?" என்றார் மாமனார்.

"சொலனேசின்னு ஒரு தாவரக் குடும்பம் மாமா. அதச் சேர்ந்தது எதுவோ அது சொலனேசியஸ். பூவப் பாத்தா தெரியும், எல்லாம் ஒண்ணுபோல இருக்கும்."

அம்புட்டுதான். வீடே வாயைப் பிளந்தது. அத்தை குழம்புச் சட்டிக்குள் கரண்டியை விட்டுத் துழாவி, நல்லி எலும்பை எடுத்து அவர் இலையில் வைத்தார். எனக்கு வந்தது கழுத்து எலும்பு. ஒரு வார்த்தைக்கு ஒரு நல்லி என்றால் எனக்கும் அந்த வார்த்தை வேண்டும் என்று அப்போதே முடிவு செய்தேன். பைக்கில் போகும்போதெல்லாம் ஹெல்மெட்டுக்குள் "சொலனேசியஸ், சொலனேசியஸ்" என்று சொல்லிப் பழகினேன்.

நாலு மாதத்தில் வாய்ப்பு வந்தது. கடைசிக் கொழுந்தியாள் செல்விக்கு கீரனூரில் ஒரு நல்ல இடம் பேசி முடிகிற நேரம். மாப்பிள்ளை வீட்டார் கை நனைக்க வருவதாகச் சொன்னார்கள். சம்பந்தம் பிடித்திருந்தால்தான் பெண் வீட்டில் சாப்பிடுவார்கள். இலையில் கை நனைந்தால் கல்யாணம் உறுதி. நனையாமல் எழுந்தால், வந்த வழியே போகவேண்டியதுதான். முதல் நாள் மாப்பிள்ளையின் அப்பா போனில் ஒரே ஒரு விஷயம் சொன்னார்: "எனக்குக் கத்தரிக்கா மட்டும் ஒத்துக்காதுங்க. அரிப்பெடுத்துக்கும்."

"சரி, கத்தரிக்காயை விட்ருவோம்" என்றார் மாமனார்.

நான் தொண்டையைச் செருமிக்கொண்டு எழுந்தேன். "கத்தரிக்காய மட்டும் விட்டாப் பத்தாது மாமா. அவருக்கு ஆகாதது சொலனேசியஸ். தக்காளி, மொளகா, உருளக்கிழங்கு எதுவும் ஆகாது. சாப்பிட்டு மூஞ்சி வீங்கி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனா இந்தச் சம்பந்தம் நிக்குமா?"

மாமனாரின் முகம் வெளுத்தது. என்னை முதன்முறையாக மரியாதையோடு பார்த்தார். ஆகா, அந்தப் பார்வை! மீனாதான் குறுக்கே வந்தாள். "எதுக்கும் அத்தான்கிட்ட ஒரு வார்த்த கேட்டுருங்க."

அத்தானாம் அத்தான். வயிறு எரிந்தது. வாசலுக்குப் போனேன், போனைக் காதில் வைத்தேன், தெருவில் போன ஆட்டைப் பார்த்து நாலு தடவை தலையாட்டினேன், உள்ளே வந்தேன். "கேட்டுட்டேன். சண்முகவேல் அண்ணனும் அதேதான் சொல்றாரு."

மறுநாள் சமையல் மாஸ்டரோடு சண்டை. "என்ன அப்பு, மொளகா இல்லாம சாம்பாரா? பிள்ள பெத்த வீட்டுக்கா சமைக்கச் சொல்றீங்க?" என்றார். மிளகை வைத்துச் சமாளிக்கச் சொன்னேன். மிளகு சாம்பார், மிளகுக் கூட்டு, தக்காளி போடாத ரசம், காரம் காணாத வாழைக்காய் வறுவல். அத்தை ஆசையாக எடுத்து வைத்த சுண்டைக்காய் வற்றலையும் பிடுங்கிப் பரணில் போட்டேன். (அதுவும் அந்தக் குடும்பம்தான் என்று செல்போனில் படித்திருந்தேன். படிப்பு ஏற ஏறத் திமிரும் ஏறுமே.)

பதினொரு மணிக்குக் கீரனூர்க்காரர்கள் வேனில் வந்து இறங்கினார்கள். மாப்பிள்ளையின் அப்பா ஒரு பெட்டியை என் கையில் கொடுத்தார். "நம்ம தோட்டத்துதுங்க." திறந்து பார்த்தால் தக்காளி! மேலே ஒரு பை பச்சைமிளகாய். பாவம், விஷத்தை வைத்துக்கொண்டு விவசாயம் செய்கிறாரே என்று இரக்கப்பட்டு, பெட்டியைக் கொல்லைப்புறத்தில் சாக்கு போட்டு மூடினேன். தக்காளி விளைவிக்கிறவர் தக்காளி சாப்பிடாமலா இருப்பார் என்ற யோசனை என் மண்டைக்கு எட்டவில்லை.

பந்தி உட்கார்ந்தது. சம்பந்தி சாம்பாரைத் தொட்டு நாக்கில் வைத்தார். நிறுத்தினார். ரசத்தைத் தொட்டார். நிறுத்தினார்.

"ஏனுங்க, வூட்ல யாருக்காச்சும் ஒடம்பு சரியில்லீங்களா?"

அவர் தங்கை, காதோடு சொல்வதாக நினைத்துக்கொண்டு ஊருக்கே கேட்கும்படி சொன்னார்: "இவிங்க காரமே சேத்த மாட்டாங்களாட்ட இருக்குதுண்ணா. நம்ம பையன் இங்க வந்து என்னத்தத் திம்பான்?"

சம்பந்தியின் கை இலையை விட்டு விலகி மடிக்குப் போனது. புகையிலைப் பொட்டலத்தைத் தேடுகிறார், அதாவது சாப்பாடு முடிந்தது. சமையலறைக் கதவோரம் செல்வி அழத் தயாராக நின்றாள். மாமனார் என்னைப் பார்த்தார். நேற்றைய மரியாதையில் ஒரு சொட்டுகூட அந்தப் பார்வையில் இல்லை.

"உங்களுக்காகத்தாங்க" என்று உளறினேன். "இதெல்லாம் சொலனேசியஸ். உங்க ஒடம்புக்கு ஆகாதுங்க."

"நான் மூணு வேளையும் தக்காளிதானுங்க திங்கறேன்!"

அந்த நேரம் பார்த்து முதுகில் ஒரு பையோடு, முழங்கால் வரை செம்மண்ணோடு, சகலை வாசலில் வந்து நின்றார். மாமனார் பாய்ந்தார். "பெரிய மாப்ள, நீங்க சொன்னீங்கன்னுதான் மொளகா தக்காளி எதுவுமே போடல. இப்ப இவரு எந்திரிக்கிறாரு!"

எல்லாத் தலைகளும் அவர் பக்கம் திரும்பின. அவர் என்னைப் பார்த்தார். தரை பிளந்தால் பேட்டரியோடு உள்ளே போய்விடலாம் என்றிருந்தது எனக்கு.

"ஆமா, நான்தான் சொன்னேன்" என்றார் நிதானமாக. "தம்பி தப்பாப் புரிஞ்சுக்கிற மாதிரி சொல்லிட்டேன் போல."

பையை இறக்கிவிட்டு சம்பந்தி பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். "சொலனேசியஸ்ங்கிறது உறவைச் சொல்ற வார்த்தைங்க. ஒடம்புக்கு ஆகும், ஆகாதுன்னு அது சொல்லாது. ஒரு குடும்பத்துல ஒருத்தரோட நமக்கு ஒத்துப்போகலன்னா, குடும்பத்தையே தள்ளி வைப்பமா? இப்ப உங்க கையில இருக்கே பொகையில, அதுவும் சொலனேசியஸ்தான்."

சம்பந்தி கையிலிருந்த பொட்டலத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "நாப்பது வருசமாப் போடறனுங்களே! நல்லவேளை, சின்ன மாப்ள இதயும் புடுங்காம உட்டாரு!" என்று தொந்தி குலுங்கச் சிரித்தார். அவர் தங்கைக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறியது.

நான் கொல்லைக்கு ஓடினேன். சாக்கை உருவி, பச்சைமிளகாய்ப் பையோடு வந்தேன். சம்பந்தி தயிர்சோற்றைப் பிசைந்து, தன் தோட்டத்து மிளகாயையே கடித்துக்கொண்டு, மூன்று தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டார். கை மணிக்கட்டு வரை நனைந்தது. செல்வியின் கல்யாணம் உறுதியானது. அத்தை பாயசத்தை முதலில் யாருக்கு ஊற்றினார் என்று நான் சொல்லவேண்டியதில்லை.

இன்றைக்கும் அந்த வீட்டுக்கு யார் வந்தாலும் மாமனார் எங்களை அறிமுகப்படுத்துவது இப்படித்தான்: "இவரு பெரிய மருமகன், புரபசர். இவரு சின்னவரு, மொளகாய நிறுத்துனவரு." அடுத்து சகலை கதையைச் சொல்வார். (என்னைவிட நன்றாகச் சொல்வார், அதுவும் எரிச்சல்தான்.) கடைசியில் மறக்காமல், "தப்பு என் மேலதான், நான்தான் சரியாச் சொல்லல" என்று முடிப்பார். கேட்கிறவர்கள் "எம்புட்டுப் பெரிய மனசு!" என்பார்கள்.

போன வருடம் மனசு பொறுக்காமல் மீனாவிடம் உண்மையைச் சொன்னேன். "அன்னைக்கு நான் அத்தானுக்குப் போனே போடல. ஆட்டப் பாத்துத்தான் தலையாட்டுனேன்."

அவள் கீரை ஆய்வதை நிறுத்தவில்லை. "தெரியும். அவரு அந்த வாரம் பூரா காலேஜ் பசங்களோட மலையில இருந்தாரு, போனுக்கு டவரே கெடையாது. விருந்து முடிஞ்ச சாயங்காலமே அக்கா எல்லாருகிட்டயும் சொல்லிட்டா."

"எல்லாருகிட்டயுமா?"

"ம். அத்தான்தான், உங்ககிட்ட யாரும் அதக் கேக்கக்கூடாது, சங்கடப்படுவீங்கன்னு எங்ககிட்டச் சத்தியம் வாங்கினாரு."

இத்தனை வருடம் மாமனார் வீடு மொத்தமும் என் மானத்தைக் காப்பாற்றிக்கொண்டு இருந்திருக்கிறது, அதுவும் அந்த மனிதர் கேட்டுக்கொண்டதற்காக. படிப்பில் ஜெயித்ததைக்கூட மன்னித்திருப்பேன். இதை மன்னிப்பதாக இல்லை.