தங்கவயல் மச்சானுக்கு, நெற்றிவிளக்கு விஷயமாக

பிள்ளையார்பாளையம்,
காஞ்சிபுரம்.
1971, மாசி அமாவாசை கழிந்த நான்காம் நாள்.

தங்கவயலில் பூமிக்கு அடியில் உத்தியோகம் பார்க்கும் மரியாதைக்குரிய மச்சான் ராமலிங்கம் அவர்களுக்கு, பூமிக்கு மேலே இன்னும் உயிரோடு இருக்கும் சபாபதி அநேக வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. இங்கே நானும், உங்கள் தங்கை தேவகியும், குழந்தை இந்திராணியும், தறிகளும் சுகம். என் வலது முழங்காலும் இடுப்பும் மட்டும் சுகமில்லை. காரணம் நீங்கள் அனுப்பிய விளக்கு. அங்கே அக்காவும் பிள்ளைகளும் சுகமாக இருக்க ஏகாம்பரநாதரை வேண்டிக்கொள்கிறேன். உங்கள் சுகத்துக்கும் வேண்டிக்கொள்ளலாமா என்பதைக் கடிதத்தின் கடைசியில் முடிவு செய்கிறேன்.

தலையில் மாட்டுகிற விளக்கு ஒன்று வேண்டும் என்று போன மாதம் எழுதினேனே தவிர, எதற்கு என்று எழுதவில்லை. நம் இந்திராணிக்கு ஆரணியில் ஒரு வரன் வந்தது. நம்மைப்போலவே பட்டுத்தறிக் குடும்பம். ஜாதகம் பொருந்திவிட்டது, பையனுக்குப் பெண்ணைப் பிடித்துவிட்டது, பெண்ணும் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. மிச்சம் இருந்தது பையனின் அப்பா பரசுராமன் மட்டும்தான். அவர் நம் வீட்டுப் பஜ்ஜியை ஒன்று விடாமல் சாப்பிட்டுவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "கூடத்துல உக்காந்துக்கினு பேசினா எல்லாரும் நல்லவங்கதாங்க. என்கூட பருவதமலை ஏறுங்க. ஏறி எறங்கினப்புறம் சொல்றேன்." ஊரில் பெண்ணைப் பாடச் சொல்லிப் பார்ப்பார்கள், கோலம் போடச் சொல்லிப் பார்ப்பார்கள். பெண்ணின் தகப்பனை மலை ஏற்றிப் பார்க்கிறவரை இப்போதுதான் பார்க்கிறேன். அவர் என்னை 'காஞ்சிபுரத்தார்' என்றுதான் கூப்பிடுவார். அந்த வாயிலிருந்து 'சம்பந்தி' என்று ஒரு வார்த்தை வரும்வரை நான் எதையும் உளறக்கூடாது என்பது தேவகியின் உத்தரவு.

பகலில் பாறை அடுப்புக்கல்லாகக் காயும் என்பதால் ராத்திரியில் ஏறுவதாக ஏற்பாடு. விளக்கு என் பொறுப்பு. கையில் டார்ச்சை வைத்துக்கொள்ளலாம் என்றால், அந்த மலையில் பாறையில் அடித்த கடப்பாரைகளையும் சங்கிலியையும் பிடித்துக்கொண்டுதான் ஏற வேண்டுமாம். இரண்டு கையும் சங்கிலிக்குப் போய்விட்டால் டார்ச்சை வாயிலா கவ்வுவது? ஆகவே விளக்கு தலைக்குப் போக வேண்டியதாயிற்று. முதலில் மூன்று செல் டார்ச்சைத் துண்டால் நெற்றியில் கட்டிக்கொண்டு, ஜன்னலைச் சாத்திவிட்டுத் தறிக்கூடத்தில் நடந்து பார்த்தேன். டார்ச் கொஞ்சம் கொஞ்சமாகத் தலை கவிழ்ந்து கடைசியில் என் மூக்குக்கு மட்டும் வெளிச்சம் காட்டியது. மூக்கைப் பார்த்துக்கொண்டே போய்த் தறிக்குழியில் விழுந்தேன். தேவகி வந்து எட்டிப் பார்த்து, மலை ஏறுவதற்கு முன் வீட்டிலேயே பள்ளத்தைக் கண்டுபிடித்துவிட்டீர்கள் என்றாள். பக்கத்து வீட்டுக்காரர், கல்யாண ஊர்வலத்தில் தூக்குவதுபோல் பெட்ரோமாக்ஸைத் தலையில் வைத்துக்கொள்ளலாமே என்றார். அதைப் பிடிக்கவும் கை வேண்டும். தவிர, பெண் கொடுக்கலாமா என்று கேட்கப் போகிறவன் மாப்பிள்ளை அழைப்பு விளக்கோடு போனால் அவசரப்படுகிறான் என்று நினைத்துவிடுவார்கள். பிறகு செவிலிமேட்டில் முயல் வேட்டைக்குப் போகிறவர் ஒருவரிடம் நெற்றிவிளக்கு இருப்பதாகக் கேள்விப்பட்டு, இரவல் வாங்கிவந்தேன். இந்த வெளிச்சம் பட்டால் முயல் அசையாமல் நின்றுவிடும், அப்படியே தூக்கிக்கொள்ளலாம் என்று பெருமையாகச் சொன்னார். மலையில் படி எங்கேயும் ஓடப்போவதில்லை, அது அசையாமல் நின்று எனக்கு என்ன லாபம்? இருந்தாலும் சோதனைக்காகத் தேவகி மேல் அடித்துப் பார்த்தேன். அவள் அசையாமல் நிற்கவில்லை. கரண்டியோடு வந்தாள். அன்றைக்கே விளக்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

இந்த நேரத்தில்தான் நீங்கள் பழைய சாமான் கடையில் பிடித்ததாகச் சொல்லி, சுரங்கத் தொப்பியும் விளக்கும் இடுப்பில் கட்டும் பேட்டரிப் பெட்டியும் அனுப்பிவைத்தீர்கள். தலையில் இருப்பதே தெரியாது, பூ மாதிரி இருக்கும் என்று கூடவே எழுதியிருந்தீர்கள். மச்சான், தங்கவயலில் பூவெல்லாம் இந்தக் கனம் இருந்தால் அக்கா எப்படித் தலையில் வைத்துக்கொள்கிறார்கள் என்று கேட்டு எழுதவும். தொப்பி எந்த மகராசன் தலைக்குச் செய்ததோ, என் தலை அதற்குள் உண்டியலில் போட்ட ஒற்றைக் காசாக உருண்டது. கழிவுப் பட்டு நூலை அடைத்துச் சரிசெய்தேன். ஆனால் வெளிச்சத்தைக் குறை சொல்ல மாட்டேன். தறிக்கூடத்தில் ஏற்றியதும் இந்திராணி ஓடிவந்து, தறியில் நீளவாக்கில் ஓடும் பாவில் ஒரு இழை அறுந்திருப்பதைக் காட்டினாள். பகலில் என் கண்ணுக்கே படாத இழை. சரி, கிடைத்துவிட்டது விளக்கு என்று நினைத்தேன்.

அமாவாசை அன்று சாயங்காலம் மலையடிவாரத்தில் இறங்கினோம். நானும் பரசுராமனும் தவிர மலை ஏற ஒரு ஈ காக்கை இல்லை. டீக்கடை பூவம்மாள் என் தொப்பியையும் வயரையும் பெட்டியையும் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இன்னாத்துக்குப்பா இவ்ளோ கஷ்டம்? எல்லா சனமும் பௌர்ணமிக்குத்தான் வரும். நெலா வெளிச்சத்துலயே ஏறிடலாமே" என்றாள். நான் பரசுராமனைப் பார்த்தேன், அவர் என்னைப் பார்த்தார். இரண்டு பேருக்கும் இது தோன்றவே இல்லை, மச்சான். நமக்கு லீவு என்றால் அமாவாசை. அன்றைக்குத் தறியில் கை வைப்பதில்லை, அதனால் கல்யாணப் பேச்சோ கடைவீதியோ வைத்தியரோ எல்லாம் அன்றைக்குத்தான். வானத்தில் நிலா என்று ஒன்று இருப்பதைத் தறிக்காரன் யோசிப்பதே இல்லை. அமாவாசைக்குத்தாம்மா தறி லீவு என்று பரசுராமன் கொஞ்சம் கோபமாகவே சொல்லிவிட்டு மலையைப் பார்த்து நடந்தார். நிலா தப்பு செய்தது போலத்தான் இருந்தது அவர் நடை.

அவர் முன்னால், நான் பின்னால். இருட்டியதும் விளக்கை ஏற்றினேன். இந்த விளக்கின் லட்சணம் என்னவென்றால், நான் எங்கே பார்க்கிறேனோ அங்கேதான் வெளிச்சம். பரசுராமன் ஏதோ கேட்கத் திரும்பினார். மரியாதையாகப் பதில் சொல்ல நானும் அவர் முகத்தைப் பார்த்தேன். மனிதர் கண்ணைப் பொத்திக்கொண்டு தடுமாறி, ஒரு செடியைப் பிடித்து நின்றார். செடி இல்லாவிட்டால் இந்திராணிக்கு மாமனார் இல்லை. அதிலிருந்து நான் அவர் முகத்தையே பார்க்கவில்லை. பெண் எப்படிப் படித்தாள் என்று கேட்டார், தரையைப் பார்த்துப் பதில் சொன்னேன். பெண்ணுக்கு உடம்புக்கு ஏதாவது உண்டா என்று கேட்டார், அப்போதும் தரையைப் பார்த்தே ஒன்றும் இல்லை என்றேன். கேட்டவர் இடத்தில் நான் இருந்தால் பெண்ணுக்குக் காசநோய் என்றே முடிவு கட்டியிருப்பேன். கடப்பாரைப் பாதையில் நிலைமை இன்னும் மோசம். அவர் வைக்கிற அடிக்கு வெளிச்சம் வேண்டும் என்று அவர் குதிகாலையே பார்த்துக்கொண்டு ஏறினேன். என் கால் எங்கே போகிறது என்று எனக்குத் தெரியாது. முழங்கால் மட்டும் ஒவ்வொரு கல்லையும் தனித்தனியாகக் கண்டுபிடித்தது.

உச்சிக் கோயிலுக்குப் போய்ச் சேர்ந்து, விடிகிற நேரத்தில் மல்லிகார்ச்சுனர் முன்னால் சாஷ்டாங்கமாக விழுந்தேன். எழுந்தேன். வேட்டியின் பின்பக்கம் என்னோடு எழுந்திருக்கவில்லை. உங்கள் பெட்டியிலிருந்து ஆசிட் கசிந்து ராத்திரி முழுக்க வேட்டியைத் தின்றிருக்கிறது, மச்சான். இடுப்பு எரிந்ததை நான் பக்தி என்று நினைத்துவிட்டேன். ஆண்டவனுக்கு முன்பக்கத்தையும் பரசுராமனுக்குப் பின்பக்கத்தையும் காட்டிக்கொண்டு நின்றேன். தோளில் கிடந்த, என் தறியில் நெய்த பட்டு அங்கவஸ்திரத்தை எடுத்துச் சுற்றிக்கொண்டேன். பரசுராமன் கிட்டே வந்தார். அங்கவஸ்திரத்தின் ஓரத்தைப் பிடித்துப் பார்த்தார், என்னைத் தொப்பியோடு குனியச் சொல்லி அந்த வெளிச்சத்தில் இழையைப் பார்த்தார், "சரி" என்றார். பட்டு சரியா, நான் சரியா என்று சொல்லவில்லை. போளூரில் ஆரணி பஸ் ஏறும்போதும், வரேங்க காஞ்சிபுரத்தாரே என்றுதான் சொன்னார்.

அன்றிலிருந்து ஆரணியிலிருந்து ஒரு தகவலும் இல்லை. மனுஷன் முகத்தைப் பார்த்துப் பேசத் தெரியாத ஆளை நம்பி யார் பெண் எடுப்பார்கள் என்று தேவகி கேட்கிறாள். விளக்கு என்றால் என்ன என்று விளக்கப் பார்த்தேன், கரண்டி மறுபடியும் வந்தது. இந்திராணி ஒன்றும் கேட்கவில்லை. கேட்டுத் தொலைத்தால்கூடப் பரவாயில்லை. ஊடை நூலைத் தார்க்குச்சியில் சுற்றிக்கொண்டே வாசலைப் பார்க்கிறாள், பஸ் வரும் நேரத்தில் கை நின்றுபோகிறது. குழந்தையின் வாழ்வை ஒரு தொப்பி கெடுத்துவிட்டது, மச்சான். விளக்கு, பெட்டி, வயர் எல்லாவற்றையும் சாக்கில் கட்டி நாளைக்குப் பார்சலில் திருப்பி அனுப்புகிறேன். இனி என் ஆயுசுக்கும் சிம்னி விளக்குக்கு மேல் எதுவும் அனுப்ப வேண்டாம்.

பிள்ளைகளுக்கு என் ஆசிகள். அக்காவுக்கு நமஸ்காரம். நிறைய யோசித்ததில் உங்கள் சுகத்துக்கும் வேண்டிக்கொள்வதாகவே தீர்மானித்திருக்கிறேன், தேவகி பக்கத்தில் நிற்பதால்.

இப்படிக்கு,
வேட்டி இழந்த
சபாபதி

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்ட எச்சில் தொடும் நேரத்தில் பரசுராமனும் அவர் வீட்டம்மா அம்சாவும் தாம்பூலத் தட்டோடு வாசலில் வந்து நின்றார்கள். எனக்கு நாக்கு மேலே ஒட்டிக்கொண்டது. அவர் உட்காரக்கூட இல்லை. "இதுக்கு முன்னயும் பொண்ணுங்களப் பெத்தவங்கள மலைக்கு இட்டுக்கினு போயிருக்கேன். எல்லாம் என் மூஞ்சியப் பாத்துச் சிரிச்சிக்கினே வந்தாங்க, நான் எங்க கால் வைக்கிறேன்னு ஒருத்தரும் பாக்கல. நீங்க முட்டியப் பேத்துக்கினு என் காலையே பாத்துக்கினு வந்தீங்க, சம்பந்தி" என்றார். தேவகி கரண்டியைக் கீழே போட்டுவிட்டாள். இந்திராணி உள்ளே ஓடினாள். நான் கொஞ்சம் அழுதேன், அதை அக்காவிடம் சொல்ல வேண்டாம்.

ஆகவே மேலே விளக்கைப் பற்றி எழுதியதையெல்லாம் அடித்துவிட்டதாக நினைத்துக்கொள்ளவும். சாக்கை அவிழ்த்தாகிவிட்டது. வைகாசியில் முகூர்த்தம். சம்பந்திக்கும் இதேபோல் ஒரு விளக்கு வேண்டுமாம், உடனே அனுப்பவும், ஆசிட் கசியாததாக இருந்தால் விசேஷம். அடுத்த அமாவாசைக்கு மறுபடியும் மலை ஏறுகிறோம், பௌர்ணமி என்ற பேச்சை எடுத்தாலே அவருக்குக் கோபம் வருகிறது. இரண்டு தலையிலும் விளக்கு இருந்தால் இனி ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவே முடியாதே என்றேன். சம்பந்திகளுக்கு அதுதான் நல்லது என்கிறாள் உங்கள் தங்கை.