சீட்டில்லாத லைட் வேலை

ஞாயிற்றுக்கிழமை நாடகம். திரை இழுக்கக்கூட ஆள் இல்லை.

ராதாகிருஷ்ணன் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டான். எஸ்டேட் நாடகக் குழுவில் எழுதுவது, நடிப்பது, மேடை கட்டுவது, பெஞ்சு துடைப்பது எல்லாம் அவன்தான். போன வருஷம் ராஜா வேஷத்தில் செத்து விழுந்தவன், திரை மூட ஆளில்லாமல் தானே எழுந்து போய் இழுத்து மூடிவிட்டு, திரும்பி வந்து மறுபடி செத்தான். கொடுமை என்னவென்றால், அதற்குத்தான் கைதட்டல் கிடைத்தது.

இந்த வருஷம் கேலியோடு போகாது. எஸ்டேட்டை நிர்வகிக்கும் துரை தீர்த்துச் சொல்லிவிட்டார். தானே வந்து பார்ப்பாராம். பெஞ்சு காலியாக இருந்தால் மறுநாளே நாடக மண்டபம் உர மூட்டைக்குப் போய்விடுமாம். மண்டபம் போனால் நாடகம் போச்சு. நாடகமும் இல்லாமல், தேயிலைத் தூளைச் சலித்துக்கொண்டே கிழவனாக வேண்டியதுதான்.

தொழிலாளர் வீடுகளில் லயம் லயமாக ஏறி இறங்கினான். வசனம் பாடம் பண்ணணும், தினமும் ஒத்திகைக்கு வரணும் என்றதும் ஆளாளுக்கு நழுவினார்கள். கடைசியில் அவன் மனைவி அம்சவல்லிதான் வழி சொன்னாள்.

"பாரமா கேட்டா யாருலா வருவா? லைட் வேலையா பிரிச்சுக் குடுங்களேன்."

எஸ்டேட்டில் லைட் வேலை லேசில் கிடைக்கிற சமாச்சாரமா? எஸ்டேட் ஆஸ்பத்திரி டிரெசர் சீட்டு எழுத வேண்டும். அதற்குக் காய்ச்சலாவது வர வேண்டும், பிள்ளையாவது உண்டாக வேண்டும். காலமெல்லாம் கூடை சுமந்து மலையேறிய சனம், சீட்டே இல்லாமல் லைட் வேலை என்றால் சும்மா இருக்குமா?

மறுநாள் காலையில் அவன் வீட்டு வாசலில் நிற்க இடமில்லை. திரைக்கு இடப்பக்கம் ஒருவர், வலப்பக்கம் ஒருவர், கயிறு அறுந்தால் 'ஐயோ' என்று சொல்ல ஒருவர். பெயர் கேட்டே அவன் தொண்டை கட்டிப்போனது. கூட்டத்தில் நின்ற வேலம்மா, தான் பார்த்துக்கொள்வதாக முன்வந்தாள். வேலை பிரித்துக் கொடுப்பதையே ஒரு லைட் வேலையாக்கி அவள் தலையில் கட்டினான். அப்பாடா என்றிருந்தது.

அந்த அப்பாடா அன்று சாயங்காலம் வரைக்கும்கூடத் தாங்கவில்லை. வேலம்மாவுக்கு யாரிடமும் இல்லை என்று சொல்ல வராது. இடப்பக்கக் கயிறுதான் கௌரவம் என்று சண்டை வந்தது. விலக்கிவிட இரண்டு பேரைப் போட்டாள். வருகிறவர்களை எல்லாம் அரண்மனைக் காவலர் ஆக்கினாள். வரிசை மேடையைத் தாண்டிப் பின்வாசல் வரை நீண்டது. ஈட்டி தீர்ந்துபோய் விளக்குமாறு கொடுத்தாள். ராதாகிருஷ்ணன் லோரி பிடித்து பிரிஞ்சாங் டவுனுக்குப் போய் ஒட்டுமீசை வாங்கி வந்தான். மீசையும் முகத்தில் பூசிய மாவுமாக யார் எவர் என்றே தெரியவில்லை. யார் எங்கே நிற்பது என்று சொல்லிக் கொடுத்தே அவன் உயிர் போனது.

"நான் ஒண்டியா செஞ்சப்பவே நிம்மதியா இருந்தேன்டி" என்று அம்சவல்லியிடம் அழாக்குறையாகச் சொன்னான். அவளுக்கு எங்கே காது கேட்டது? ராணிக்கு விசிறி வீசுவது அவள் பொறுப்பு. கையை ஆட்டிப் பழகிக்கொண்டிருந்தாள்.

ஞாயிறு மாலை, திரை இரண்டு பக்கமும் ஒரே சீராக விலகியது. ராஜா வேஷத்தில் ராதாகிருஷ்ணன் கம்பீரமாக முன்னால் வந்து வசனத்துக்கு வாயைத் திறந்தான். திறந்த வாய் மூடவில்லை.

மண்டபத்தில் ஒரு தலை இல்லை. அத்தனை பெஞ்சும் காலி. எஸ்டேட்டே அவன் முதுகுக்குப் பின்னால் நின்றது.

முன்வரிசையில் துரைக்கென்று போட்ட பிரம்பு நாற்காலியும் காலிதான். வந்து பார்த்துவிட்டுக் கோபித்துக்கொண்டு போயிருப்பார். இந்நேரம் உர மூட்டைக்கு ஆள் சொல்லி அனுப்பியிருப்பார். பாவி, நானே என் மண்டபத்துக்குக் கொள்ளி வைத்தேனே என்று ராதாகிருஷ்ணன் தலையில் அடித்துக்கொண்டான். கிரீடம் நழுவி மூக்கில் நின்றது.

மண்டப வாசலில் நின்ற எஸ்டேட் காவல்காரர் நாகப்பனை மேடையிலிருந்தே கேட்டான்.

"அண்ணே, துரை போயிட்டாரா?"

"அவரு எங்க தம்பி போனாரு? காலையிலேயே வேலம்மாகிட்ட வந்து லைட் வேலை கேட்டாரு. கொஞ்சம் பின்னால திரும்பிப் பாருங்க, கடைசியில விளக்குமாத்தப் பிடிச்சிக்கிட்டு நிக்கிறாரு."