விடை மட்டும் போதும்

பள்ளிக்கூடம் இருக்கும் ஊரிலெல்லாம் ஒரு இனம் வாழ்கிறது. 'விடை மட்டும் போதும்' இனம். இவர்களுக்குச் சந்தேகம் என்று ஒன்று வருவதே கிடையாது. கேள்வி மட்டும்தான் வரும். புத்தகத்தில் இருக்கும் கணக்கை, மடங்கிய முனையும் வறுத்த டெம்பே என்ற சோயாக் கட்டியின் எண்ணெய்க் கறையும் தெளிவாகத் தெரியும்படி படம் பிடித்து, வகுப்பின் வாட்ஸப் குழுவில் போட்டு, கீழே 'அவசரம், வழி வேண்டாம்' என்று எழுதி, ஒரு கும்பிடும் வைத்துவிட்டுப் பந்தாடப் போய்விடுவார்கள். திரும்பி வரும்போது விடை தயாராக இருக்க வேண்டும். இல்லையென்றால்? கோபம் வேறு வரும்!

இந்தோனேசியாவின் மலாங் நகரத்துத் தொழிற்பள்ளியில் வண்டி எஞ்சின் பிரிவில் இரண்டாம் ஆண்டு படித்த தாமர் இந்த இனத்தின் கொழுந்து. வாயு விதிக் கணக்கா, எஞ்சினின் முறுக்குவிசைக் கணக்கா, பாகுபாடே இல்லாமல் எல்லாவற்றையும் கேட்பான். கைவேலையில் கெட்டிக்காரன்தான். கார்புரேட்டரைக் கண்ணை மூடிக்கொண்டு கழற்றி மாட்டுவான். பென்சிலைக் கொடுத்தால்தான் கை ஓடாது.

ஒருநாள் மொபெட் எஞ்சினின் முறுக்குவிசை எவ்வளவு நியூட்டன் மீட்டர் என்று வீட்டுக்கணக்கு. மூன்று பேரிடம் கேட்டான். கூடப் படிக்கும் லரஸ் எட்டு என்றாள். சித்தப்பா மகன் எண்பது என்றான். இணையத்தில் முகம் தெரியாத ஒரு புண்ணியவான் எட்டாயிரம் என்றார். யாருடைய மனதையும் புண்படுத்தக் கூடாதல்லவா? மூன்றையும் கூட்டி மூன்றால் வகுத்துவிட்டான்.

"ரெண்டாயிரத்து அறுநூத்தித் தொண்ணூத்தாறு, இபு!" என்றான் மறுநாள் வகுப்பில். அந்த ஊரில் ஆசிரியை என்றால் 'இபு', அதாவது அம்மா; பெரிய மனிதர் என்றால் 'பாக்', அதாவது ஐயா.

ஆசிரியை இபு சுலாஸ்த்ரி கண்ணாடியைக் கழற்றினார். "நம்ம ஸ்கூல் லாரிக்கே முந்நூத்தி எண்பத்தஞ்சுதான். இந்த மொபெட்டுக்குள்ள ஏழு லாரி ஒளிஞ்சிருக்கா?"

வகுப்பே சிரித்தது. "நான் எட்டுன்னுதானேடா சொன்னேன்?" என்று லரஸ் கிசுகிசுத்தாள்.

"நீ சொன்னத விட்டுடலையே. அதையும் சேத்துக்கிட்டேன்."

இப்படியே காலம் தள்ளியிருப்பான். ஆனால் பயிற்சிக்கு ஆள் எடுக்கப் பாக் வியோனோ பள்ளிக்கே வந்துவிட்டார். ஊரிலேயே பெரிய ஒர்க்‌ஷாப் அவருடையது. வருஷத்துக்கு இரண்டு பேரைத்தான் பயிற்சிக்கு எடுப்பார். மற்றவர்கள் ஏதாவது உதிரிபாகக் கடையில் பெட்டி அடுக்க வேண்டியதுதான். அந்த ஒர்க்‌ஷாப்பின் கம்பிக் கதவு வழியாக எஞ்சின்களைப் பார்த்தபடி தாமர் எத்தனையோ பேருந்துகளைத் தவறவிட்டிருக்கிறான். முதல் இடம் காலையிலேயே லரஸுக்குப் போய்விட்டது. மிச்சம் ஒன்று.

நேர்காணல் அறையின் வாசலில் ஒரு கூடை. கைபேசியை அதில் போட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். தாமர் போட்டான். அவன் கட்டைவிரல் மட்டும் காற்றில் எதையோ தேடிக்கொண்டிருந்தது.

"டயருக்குள்ள அழுத்தம், வெளிக்காத்தையும் சேத்து, இருநூத்தி எண்பது கிலோபாஸ்கல்" என்று பாக் வியோனோ ஆரம்பித்தார். "காலைல டயர் இருபத்தேழு டிகிரி. சுராபயா ரோட்டுல ஓடி ஐம்பத்தேழு டிகிரி ஆயிடுச்சு. டயர் விரியலைன்னு வச்சுக்க. இப்ப அழுத்தம் எவ்வளவு?"

தாமர் ஐம்பத்தேழை இருபத்தேழால் வகுத்தான், இருநூற்று எண்பதால் பெருக்கினான். "ஐந்நூத்தித் தொண்ணூத்தொண்ணு, பாக்."

"வழியில லாவாங் ஊரத் தாண்டறதுக்குள்ள டயர் வெடிச்சிருக்குமே தம்பி!"

தாமருக்குக் கம்பிக் கதவு கண்முன் வந்தது. மானம் போனால் போகட்டும் என்று கேட்டுவிட்டான்: "பாக், விடைய மட்டும் சொல்லுங்க. வழிய நான் கண்டுபிடிச்சுக்கறேன்."

பாக் வியோனோ வாய்விட்டுச் சிரித்தார். முப்பது வருஷத்தில் இப்படி ஒரு பேரம் அவர் கேட்டதில்லை. "சரி, முந்நூத்தி எட்டு. கண்டுபிடி பாப்போம்."

தாமர் குனிந்தான். முந்நூற்று எட்டை இருநூற்று எண்பதால் வகுத்தால் ஒன்று புள்ளி ஒன்று. வெப்பமோ இரண்டு மடங்குக்கு மேல் ஏறுகிறது. அழுத்தம் ஏன் இவ்வளவு கொஞ்சமாக ஏறுகிறது? அப்படியானால் டிகிரிக் கணக்கு நிஜமான பூஜ்யத்திலிருந்து தொடங்கவில்லை. இரண்டு எண்ணோடும் ஏதோ ஒன்றைக் கூட்ட வேண்டும். எதை? நூறு போட்டுப் பார்த்தான். இருநூறு. முந்நூறு. அடித்தான், எழுதினான், மறுபடி அடித்தான். காகிதம் கிழிந்தது.

"இருநூத்தி எழுபத்திமூணு!" என்று கத்தினான். "பாக், இந்த நம்பர எங்கயோ பாத்திருக்கேன்!"

"டிகிரிய கெல்வினா மாத்தக் கூட்டற நம்பர். ஒவ்வொரு செவ்வாக்கெழமையும் போர்டுல பாத்திருக்க" என்றார் மூலையில் உட்கார்ந்திருந்த இபு சுலாஸ்த்ரி.

பாக் வியோனோ கிழிந்த காகிதத்தை எடுத்துப் பார்த்தார். "எங்க ஒர்க்‌ஷாப்புக்கு வர்ற ஒவ்வொரு வண்டியும் விடையோடதான் வருது இபு. ஸ்டார்ட் ஆகல, அதான் விடை. ஏன்னு பின்னாடி போய்த் தேடத்தான் எனக்கு ஆள் வேணும். திங்கக்கெழமை வரச் சொல்லுங்க."

வெளியே வந்த தாமர் லரஸின் முதுகில் ஓங்கித் தட்டினான். "எனக்கும் கெடச்சிடுச்சு! ஆமா, அந்த முறுக்குவிசைக் கணக்குல எட்டு எப்படி வந்துச்சு?"

அவள் அவனை மேலும் கீழும் பார்த்தாள். "காய்ச்சலாடா உனக்கு?"

தாமரைப் பார்த்துச் சிரித்தீர்களே, வாசகரே, ஒன்று கேட்கிறேன். இருநூற்று எழுபத்துமூன்றைக் கூட்டினால் முந்நூற்று எட்டு வருகிறதா என்று போட்டுப் பார்த்தீர்களா? இல்லை, நான் சொன்னதை நம்பித் தலையாட்டிவிட்டு இங்கே வந்து நிற்கிறீர்களா? பதில் சொல்ல வேண்டாம். முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது.