குண்டூசி மேப்பில் நான் வைத்த புள்ளி

கேளம்பாக்கத்தில் ஒரு திருட்டு நடந்தால் திருடனைவிட அதிகமாகச் சந்தோஷப்பட்ட ஆள் ஒருவர் இருந்தார். குண்டூசி.

அவர் நிஜப் பெயர் எனக்குத் தெரியாது. எங்கள் ஷேர் ஆட்டோ ஸ்டாண்டில் யாருக்குமே தெரியாது. ஒல்லி உடம்பு, பெரிய தலை. பார்த்தவுடன் வாயில் வருகிற பெயர் அதுதான். கூப்பிட்டால் கோபப்பட மாட்டார். "இன்னாப்பா?" என்று திரும்புவார்.

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் பிரவுசிங் சென்டர் வைத்திருந்தார். நாலு கம்ப்யூட்டர். மூன்றில் ஜனங்கள் உட்காருவார்கள். நாலாவதில் அவரைத் தவிர யாரும் உட்காரக் கூடாது. அதில்தான் மேப் இருந்தது.

நான் அஞ்சாவதோடு நின்றவன். எனக்குப் புரிந்தவரை சொல்கிறேன். மேலே பறந்து பார்த்தால் ஊர் எப்படித் தெரியுமோ அப்படி இன்டர்நெட்டில் தெரியும். ஏரி, கோயில் குளம், ரோடு, மாடி வீடு, ஓலை வீடு எல்லாம். எங்கே வேண்டுமானாலும் ஒரு புள்ளி வைத்து, பக்கத்தில் நாலு வரி எழுதலாம். நாவலூர் ஆபீஸில் இருப்பவர்களும் அவரவர் இடத்திலேயே திறந்து படிக்கலாம். ஓ.எம்.ஆர். ரோடு அகலமாகிக்கொண்டிருந்த வருஷங்கள் அவை. எல்லோரும் அந்த மேப்பில் தங்கள் வீட்டைத் தேடினார்கள். குண்டூசி மட்டும் திருட்டைத் தேடினார்.

நகை போனால் சிவப்புப் புள்ளி. வண்டி போனால் மஞ்சள். கோழி, தேங்காய், தண்ணீர் மோட்டார் போனால் பச்சை. பயோடேட்டா பிரின்ட் எடுக்க வருகிறவனைக்கூட விட மாட்டார்.

"உங்க வூட்ல எதனா காணாம போச்சா?"

"இல்லியே சார்."

"நல்லா யோசி. கொடத்த எண்ணிப் பாத்தியா?"

ஒன்றும் போகவில்லை என்று உறுதியானால் முகம் வாடிவிடும். "சரி, பாத்து இரு" என்பார். போயிருக்கலாமே என்று அவர் நினைப்பது நமக்கே கேட்கும்.

ஒருநாள் அவர் கடை வாசலிலேயே அவர் செருப்பைத் திருடிக்கொண்டு போய்விட்டார்கள். வெறுங்காலோடு எங்கள் ஸ்டாண்டுக்கு ஓடி வந்தார். "டேய், நம்ம கடையும் மேப்ல வந்துடுச்சு!" என்று எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார். செங்கல்பட்டில் கோர்ட் வாசலில் சைக்கிளைப் பறிகொடுத்த பெரியவர் ஒருவர் பஸ் ஏறித் தேடி வந்தார். அன்றைக்குக் குண்டூசி சந்தோஷத்தில் மத்தியானம் சாப்பிடவே இல்லை. மகாபலிபுரத்துச் சிற்பி ஒருவரின் பட்டறையில் நாலு ஆள் சேர்ந்தாலும் அசையாத கல் நந்தி காணாமல் போனதும் அவரிடம்தான் வந்தது. எந்தக் கலர் வைப்பது என்று ரெண்டு நாள் தவித்தார். "இத்த தூக்கினு போனவன திருடன்னு சொல்லலாமாடா? பயில்வான்டா அவன்!" என்றார்.

எங்கள் தெருவில் ஒரு வீட்டுக்கார அம்மா சண்டைக்கே வந்துவிட்டார். "எங்க தெருவுக்கு ஒரு புள்ளிகூட இல்லியாமே? எங்க வூட்ல திருட ஒண்ணும் இல்லன்னு ஊர் பூரா காட்டிகினு கீறியா?"

"நான் இன்னாம்மா பண்றது? திருடன் வரணுமே."

"வரவெய்யி!"

இவ்வளவு கிறுக்கு இருந்தாலும் குண்டூசியிடம் ஒரு கண்டிப்பு இருந்தது. கேள்விப்பட்டேன், யாரோ சொன்னார்கள் என்றால் சேர்க்க மாட்டார். பறிகொடுத்தவர் வர வேண்டும். இல்லாவிட்டால் கண்ணால் பார்த்தவர் வர வேண்டும். வந்தவர் நாலாவது கம்ப்யூட்டரில் உட்கார்ந்து மௌஸைப் பிடித்துத் தன் கையாலேயே புள்ளி வைக்க வேண்டும். எடுக்க வேண்டுமென்றாலும் அதே கைதான். முன்பு ஒரு சர்வேயரிடம் நிலம் அளக்கும் சங்கிலி பிடித்தவர் அவர். எல்லைக் கல் நட்டவன்தான் கல்லைப் பிடுங்க வேண்டும் என்பது அங்கே கற்ற பாடமாம். வைத்தவன் பெயரை மட்டும் யாரிடமும் சொல்ல மாட்டார். அதனால்தான் ஜனங்கள் அந்த மேப்பை நம்பினார்கள். வாடகைக்கு வீடு பார்க்க வருகிறவர்கள் முதலில் குண்டூசியின் புள்ளியைப் பார்த்தார்கள். பிறகுதான் வீட்டில் தண்ணீர் வருகிறதா என்று பார்த்தார்கள்.

இனி என் கதை. சொல்ல வெட்கமாக இருக்கிறது. சொல்லாமல் இருந்ததும் அப்படித்தான் இருந்தது.

ஊருக்கு வெளியே புது ஃப்ளாட்டுகள் வந்திருந்தன. மெயின் ரோட்டில் இறங்குகிறவர்கள் அங்கே போக ரெண்டு வழி. ரோட்டைச் சுற்றி எங்கள் ஆட்டோவில் போகலாம். ஏரிக்கரை மேல் குறுக்கே நடந்தும் போகலாம். காற்று நன்றாக வரும். கம்பெனி ஆட்கள் ஒவ்வொருவராக நடக்க ஆரம்பித்தார்கள். உடம்புக்கு நல்லதாம். என் வண்டி ஈயடித்தது.

ஒருநாள் நேராகக் குண்டூசியிடம் போனேன்.

"அண்ணாத்த, ஏரிக்கரைல செயின் அறுத்துட்டாங்க."

அவர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். "நீ பாத்தியா?"

"பாத்தேன்."

"கண்ணால?"

"கண்ணால."

"ஆளு எப்படி இருந்தான்?"

அதை நான் யோசித்து வைக்கவில்லை. "கருப்பா, ஒல்லியா" என்றேன். கேளம்பாக்கத்தில் பாதி ஆம்பளை அப்படித்தான். நானும் அப்படித்தான்.

"சரி, உக்காரு. கைய வெய்யி."

மௌஸைப் பிடித்தேன். அம்பு ஏரித் தண்ணீருக்குள் போய் நின்றது. பயந்துபோயிருக்கிறேன் என்று நினைத்து அவர் எனக்குச் சோடா வாங்கிக் கொடுத்தார். குடித்துவிட்டு ஏரிக்கரைக்கு நடுவில் சிவப்பாக ஒரு புள்ளி வைத்தேன். நான் சொன்னதை அவர் அப்படியே பக்கத்தில் எழுதினார்.

மறுநாளே கூட்டம். முன் சீட்டில் எனக்கு ரெண்டு பக்கமும் ஆட்கள் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தார்கள். "இன்னா மச்சான், திடீர்னு?" என்று மற்ற டிரைவர்கள் கேட்டார்கள். "யாருக்குத் தெரியும்?" என்றேன்.

ஏரிக்கரை நடுவில் ஏகாம்பரம் இருந்ததை நான் நினைக்கவே இல்லை. இளநீர் வண்டிக்காரர். நடக்கிறவர்களை நம்பித்தான் அங்கே நின்றார். ஆள் கருப்பு. ஒல்லி. கையில் அருவாள் வேறு.

ரெண்டு வாரம் கழித்து, என் ஆட்டோவில் பின்னால் உட்கார்ந்த திருநெல்வேலிப் பெண் ஒருத்தி தோழியிடம் சொன்னாள். "ஏட்டி, அங்க ஒரு எளநிக்காரர் நிப்பாருல்லா? மேப்புல போட்டுருக்க மாதிரியே இருக்காரு பாத்துக்கோ."

"அவர் நல்லவர்டி. ஒருநாள் சில்லறை இல்லைன்னு சும்மாவே குடுத்தாரு."

"அவ்வளவு பெரிய அருவாள வச்சிக்கிட்டு நிக்காரு. நல்லவருன்னு எப்படி நம்ப?"

வண்டியை நிறுத்தித் திரும்பி ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஹாரன் அடித்தேன். முன்னால் மாடுகூட இல்லை.

ஃப்ளாட்டுக்காரர்கள் மேப்பைப் பிரின்ட் எடுத்து, மனுவோடு சேர்த்து ஸ்டேஷனில் கொடுத்தார்கள். மறுநாள் காலையில் போலீஸ் ஏகாம்பரத்தைக் கூட்டிக்கொண்டு போனது. ஏட்டு நேராகக் குண்டூசி கடைக்கு வந்தார். ஸ்டாண்டில் இருந்த நாங்கள் எல்லாம் வாசலில் நின்று பார்த்தோம். நானும் நின்றேன்.

"செயின் அறுத்தத யாரு பாத்தது? பேர் சொல்லு."

"சொல்ல முடியாது சார்."

"ஸ்டேஷனுக்கு வராத கேஸெல்லாம் உங்கிட்ட வருது. நீ இன்னா கமிஷனரா? சொல்லலன்னா கம்ப்யூட்டர தூக்கினு போயிடுவேன்."

"தூக்கினு போங்க. ஆனா அதுக்கும் ஒரு புள்ளி வெப்பேன் சார்."

"எங்க வெப்ப?"

"ஸ்டேஷன் மேல."

நாங்கள் சிரித்துவிட்டோம். ஏட்டுக்கு முகம் சிவந்தது. படம் தெரிகிற பெட்டியில்தான் மேப் இருக்கிறது என்று நினைத்து, மானிட்டரை மட்டும் பிடுங்கிக் கட்டிப்பிடித்துத் தூக்கிக்கொண்டு போனார். பின்னாலேயே ஒயர் வால் மாதிரி போனது.

நான் வண்டிக்குத் திரும்பி ஆள் ஏற்றிக்கொண்டு கிளம்பும்போது, குண்டூசி கடையை விட்டு இறங்கி என் ஆட்டோவுக்கு வந்தார். காதருகே குனிந்தார்.

"பயப்படாத நைனா. உம்பேரு என் வாயில வராது. நீ பாத்த, வந்து சொன்ன. எத்தினி பேருக்கு அந்த தைரியம் வரும்?"

அவர் ஓங்கி அறைந்திருந்தால் தாங்கியிருப்பேன். வண்டியில் ஆள் நிறைந்திருந்தது. எஞ்சினை அணைத்தேன்.

"அண்ணாத்த, நான் ஒண்ணும் பாக்கல."

"இன்னா?"

"செயினும் இல்ல, பொம்பளயும் இல்ல. எவனும் ஓடல. ஜனங்க நடக்கக் கூடாதுன்னு சொன்னேன்."

அவர் என்னையே பார்த்தார். பிறகு வண்டியில் இருந்தவர்களைப் பார்த்தார்.

"கூட்டம் வந்துச்சா?"

"வந்துச்சு."

"ம்."

ஆட்டோவுக்குள் தலையை விட்டார். "எல்லாரும் எறங்குங்கம்மா. வண்டிக்கு வேற வேல கீது. ஏரிக்கரை வழியா நடந்து போங்க, ஒண்ணும் ஆவாது. அங்க நடந்த திருட்டு பூரா இதோ இந்த சீட்ல குந்திகினு கீது." என்னைக் காட்டினார். அவர்கள் இறங்கினார்கள். அவர் ஏறினார். "வுடு ஸ்டேஷனுக்கு" என்றார்.

ஸ்டேஷனில் ஏகாம்பரம் சுவரோரம் தரையில் உட்கார்ந்திருந்தார். அருவாள் மேஜை மேல் இருந்தது. சீட்டு ஒட்டியிருந்தார்கள். நான் ஏட்டிடம் சொன்னேன். நாலு வரியில் முடிந்துவிட்டது. செய்ததற்கு அது ரொம்பக் குறைச்சலாகத் தோன்றியது.

ஏட்டு பேனாவை மூடினார். "உன்ன இன்னா கேஸ்ல போடுறதுன்னே தெரியலியேடா" என்றார். கன்னத்தில் ஒன்று வைத்தார். எழுதி வாங்கிக்கொண்டார். அதே கையெழுத்தில் ஏகாம்பரத்தை விட்டார். மானிட்டரையும் விட்டார். போகும்போது குண்டூசியைக் கூப்பிட்டுக் குரலைத் தாழ்த்தி, "என் மச்சான் வண்டி ஒண்ணு திருப்போரூர்ல காணாம போச்சு. உன் மேப்ல கீதா பாரேன்" என்றார்.

"மச்சான வந்து கைய வெக்க சொல்லுங்க சார்" என்றார் குண்டூசி. அந்த நிலைமையிலும் சட்டத்தை விடவில்லை.

வாசலில் ஏகாம்பரம் என் முன்னால் நின்றார். அருவாள் கையில் இருந்தது. எனக்குப் பயமாக இல்லை. வெட்டினாலும் சரி என்றிருந்தது.

"உனக்கு டெய்லி வழுக்கையா பாத்துத்தானேடா வெட்டிக் குடுத்தேன்?" என்றார்.

ஆட்டோவில் கொண்டுபோய் விடுகிறேன் என்றேன். நடந்தே போனார்.

கடைக்குத் திரும்பினோம். மானிட்டரை மடியில் வைத்துக்கொண்டு வந்த குண்டூசி, ஒயரை மாட்டி மேப்பைத் திறந்தார். என் புள்ளி ஏரிக்கரையில் அப்படியே இருந்தது. நானே மௌஸைப் பிடித்தேன்.

"அழிக்காத" என்றார்.

"அது பொய்தானே அண்ணாத்த?"

"செயின்தான் பொய். அங்க குத்தம் நடந்துதா, இல்லியா?"

மௌஸை விட்டேன். என்னைத் தள்ளி உட்காரச் சொல்லிவிட்டு, பழைய வரிகளை எடுத்துவிட்டு அவரே அடித்தார். எழுத்துக்கூட்டிப் படித்தேன். 'நடக்காத ஒரு திருட்டுக்காக ஒரு யோக்கியமான மனிதர் ஸ்டேஷனில் உட்கார வேண்டி வந்தது. இந்த வழியில் பயமில்லை. இளநீர் நன்றாக இருக்கும்.' யார் பொய் சொன்னது என்று எழுதவில்லை. கலரை மாற்றட்டுமா என்று கேட்டேன்.

"செவப்பே இருக்கட்டும்."

ஜனங்கள் திரும்ப நடக்க ஆரம்பித்தார்கள். ஏகாம்பரத்திடம் நானும் போய் நின்றேன். கைக்கு வந்த காயை வெட்டிக் கொடுத்தார். தேர்ந்தெடுக்கவில்லை. அது நியாயம்தான்.

ஸ்டாண்டில் என்னோடு யாரும் பேசவில்லை. என்னால் ஸ்டாண்டுக்கே கெட்ட பேர் என்றார்கள். என் வண்டியைக் கடைசியில் தள்ளிவிட்டார்கள். ஆட்கள் என் முகத்தைப் பார்த்துவிட்டு அடுத்த வண்டிக்குப் போனார்கள். ஸ்டேஷனுக்குப் போய் வந்த மூன்றாம் நாள் காலை, வண்டியை விற்றுவிட்டுச் செங்கல்பட்டுப் பக்கம் செங்கல் சூளைக்குப் போய்விடலாமா என்று யோசித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

குண்டூசி கடையைப் பூட்டிக்கொண்டு வந்தார். அத்தனை பேர் பார்க்க என் வண்டியில், என் பக்கத்தில், முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தார்.

"எங்க போவணும் அண்ணாத்த?"

"நாவலூர்."

"அங்க இன்னா வேல?"

"ஒரு வேலயும் இல்ல. காலி ஷேர் ஆட்டோல எவனாவது ஏறுவானா? ஒருத்தன் குந்திகினு இருந்தாத்தான் ஏறுவான். எடு வண்டிய."

அன்றைக்கு நாவலூர் வரை ஒருவர்கூட ஏறவில்லை. ஆனால் வண்டி காலியாக ஓடுகிறது என்று எனக்குத் தோன்றவே இல்லை.