சங்கிலியார் முகம் கழுவக் கற்றுக்கொடுத்த கதை

இனிமேல் இந்த வீட்டில் யாரும் தப்பாக முகம் கழுவக் கூடாது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் சங்கிலியார் முடிவெடுத்தார். வீட்டில் இருந்ததே இரண்டு பேர். சங்கிலியார் எதிலும் தப்பே செய்யமாட்டார். ஆகவே மிச்சமிருந்தது அவர் மனைவிதான்.

சங்கிலியார் நில அளவையாளர். அளக்கிற சங்கிலியோடு இருபது வருஷம் வெயிலில் நின்றவர் என்பதால் ஆபீசில் வைத்த பெயர் அது. எவன் வேலி ஒரு விரற்கடை தள்ளியிருந்தாலும் கண்டுபிடித்துவிடுவார். ஆனால் அவருடைய வலது கன்னத்தில் முளைத்த கருந்திட்டு மெல்ல மெல்ல மூக்கின் எல்லைவரை ஆக்கிரமித்திருந்ததை மட்டும் அவர் கண்டுகொள்ளவே இல்லை.

ஆறு மாதத்துக்கு முன்னால் தோல் டாக்டர் சொல்லிப் பார்த்தார். "அழுத்தித் தேய்க்காதீங்க. வெயில்ல போகும்போது சன்ஸ்கிரீன் போடுங்க. இல்லேன்னா புண்ணாகி ரொம்ப நாள் படுத்தும்."

சங்கிலியார் கேட்பாரா? "க்ரீம் பூசிக்கிட்டு வயலை அளக்கப் போனா, வயலே சிரிக்கும்" என்றார். உடம்புக்குப் போடும் சோப்பையே முகத்துக்கும் போட்டு, நாரால் தேய்த்தார். சவரம் செய்தால் ரத்தம் துளிர்த்தது. மனைவி பாலர் பள்ளியில் டீச்சர். அவள் கெஞ்சினாள். கோபித்துக்கொண்டாள். தலையணை உறையில் ரத்தக்கறையைப் பார்த்த அன்று அழவும் செய்தாள். அதற்குப் பிறகு அந்தப் பேச்சையே விட்டுவிட்டாள். தான் ஜெயித்துவிட்டதாகச் சங்கிலியார் நினைத்துக்கொண்டார்.

அந்த ஞாயிறன்று குளிர்சாதனப் பெட்டியின் மேல் ஒரு சின்னப் புத்தகம் கிடந்தது. 'முகத்துக்குத் தினமும் நாம் செய்யும் தவறுகள்.' தவறு என்ற சொல்லைப் பார்த்ததும் சங்கிலியாருக்குக் கை பரபரத்தது. நின்றபடியே முழுதும் படித்துவிட்டார். நிமிர்ந்தால், கண்ணாடி முன்னால் மனைவி துண்டை வைத்து முகத்தை வறட்டுவறட்டென்று துடைத்துக்கொண்டிருக்கிறாள்!

"நிறுத்து! அது முகமா, அடிப்பிடிச்ச பாத்திரமா?"

"துடைக்கிறேங்க."

"துடைக்கக் கூடாது. ஒத்தி எடுக்கணும். மூணாம் பக்கத்துல போட்டிருக்கான்."

"ஒத்தி எடுக்கறதுன்னா?"

"ஒத்தி எடுக்கறதுன்னா... ஒத்தி எடுக்கறதுதான்!"

"வாயால சொன்னா எனக்கு எங்கங்க புரியுது? உங்க கைப்பக்குவம் யாருக்கு வரும்? ஒருதடவை செஞ்சு காட்டுங்களேன்."

சங்கிலியார் செய்து காட்டினார். மென்மையான சோப்பு, விரல் நுனி, வெதுவெதுப்பான தண்ணீர். முகத்துக்குப் போட்ட சோப்பில் நுரை கொஞ்சம்தான் வந்தது. மனைவி போட்ட சோப்பில் மனசெல்லாம் நுரை.

மறுநாள் அவள் முகம் நன்றாகக் காய்ந்த பிறகு க்ரீமை எடுத்தாள். "ஈரம் இருக்கும்போதே பூசணும்மா!" என்று தன் கன்னத்தில் பூசிக் காட்டினார். அதற்கடுத்த நாள் புது க்ரீமை நேராக நெற்றியில் வைக்கப் போனாள். "முதல்ல காதுக்குப் பின்னாடி வச்சு ஒரு நாள் பார்க்கணும்!" என்று தன் காதைக் கொடுத்தார்.

வியாழக்கிழமை அவள் சன்ஸ்கிரீனை மிளகளவு எடுத்தாள். சங்கிலியார் பதறிப்போய் அடிக்கோலோடு ஓடிவந்தார்.

"ரெண்டு விரல் நீளம்! ஆள்காட்டி விரல், நடு விரல். காது, கழுத்து எல்லாம் சேர்த்து."

"நான் வகுப்புக்குள்ளதானே இருக்கேன்? வெயில்ல நிக்கற ஆளுக்கு எவ்வளவுங்க?"

"அவனுக்கும் அதேதான். ஆனா ரெண்டு மணி நேரத்துக்கு ஒருதடவை திரும்பப் போடணும்."

"அதெல்லாம் நடக்கற காரியமா? வயல் நடுவுல யாரால முடியும்?"

"யாரால முடியுமா? என்னால முடியும்! குடு இப்படி!"

டியூபைப் பிடுங்கித் தன் பைக்குள் போட்டுக்கொண்டார். அன்று மூன்று தடவை வயல் நடுவில் பூசிக்கொண்டு, சாயங்காலம் வந்து பெருமையாகச் சொன்னார்.

மனைவி மண்டையில் மட்டும் எதுவும் ஏறவில்லை. இன்று கற்றது நாளை மறந்துவிடும். "உன்னையெல்லாம் எந்தப் புண்ணியவான் டீச்சரா வச்சிருக்கான்?" என்று சங்கிலியார் தலையில் அடித்துக்கொண்டார். "என்னங்க பண்றது, நாளைக்கும் ஒருதடவை காட்டிடுங்க" என்பாள் அவள். இப்படியே ஒன்றரை மாதம் ஓடியது.

ஒருநாள், தனக்கு ஒரு சந்தேகம் கேட்க வேண்டும் என்று அவரைத் தோல் டாக்டரிடம் அழைத்துப் போனாள். டாக்டர் அவளை விட்டுவிட்டு இவர் கன்னத்தைப் பூதக்கண்ணாடியில் பார்த்தார்.

"அட! புண்ணெல்லாம் ஆறிடுச்சே. திட்டும் வெளுக்க ஆரம்பிச்சிருக்கு. என்ன செஞ்சீங்க?"

"நான் ஒண்ணும் செய்யலை டாக்டர். இவளுக்குத்தான் கத்துக் குடுத்துக்கிட்டிருக்கேன்."

டாக்டர் மனைவியைப் பார்த்தார். மனைவி சுவரைப் பார்த்தாள்.

"அப்ப நான் குடுத்த புத்தகம் வேலை செஞ்சிருக்கும்மா" என்றார் டாக்டர்.

சங்கிலியார் விடுவிடுவென்று படியிறங்கினார். தெருவுக்கு வந்ததும் நின்றார்.

"புத்தகத்தை அங்க வச்சது நீதானா?"

"ஆமாங்க."

"தப்புத்தப்பாச் செஞ்சதெல்லாம்?"

"அதுவுந்தாங்க. பள்ளிக்கூடத்துல பிள்ளைங்க முகம் கழுவ அடம்பிடிச்சா அப்படித்தான் செய்வோம். டீச்சருக்குத் தெரியலை, நீ சொல்லிக் குடும்மான்னு கேட்டா, தானே கழுவிக் காட்டிடும்."

சங்கிலியாருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "மூணு வயசுப் பிள்ளைங்களும் நானும் ஒண்ணா?"

"சேச்சே, எப்படிங்க ஒண்ணாகும்?" என்றாள் மனைவி. "அதுங்க ரெண்டே நாள்ல கத்துக்குதுங்க."